எட்கர் ஆலன் போவின் கதைகள் இசைத்தட்டான விதம்: ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்டின் முதல் ஆல்பம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

‘டேல்ஸ் ஆஃப் மிஸ்டரி அண்ட் இமாஜினேஷன்’. 1976இல் வெளிவந்தது. ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட் என்ற பெயரில் வந்த முதல் இசைத்தட்டு இதுதான். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளையும் கவிதைகளையும் எடுத்துக்கொண்டு ஏழு உருப்படிகளாக அமைத்தார்கள். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஐந்து, இரண்டாம் பக்கத்தில் இரண்டு. இரண்டாம் பக்கத்தின் பெரும்பகுதியை ஒரே நீண்ட வாத்திய இசை பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் டுவென்டியத் செஞ்சுரி நிறுவனமும் பிரிட்டனில் கரிஸ்மா நிறுவனமும் வெளியிட்டன.

செவ்வியல் இசையின் நீளத்தையும் சிக்கலையும் ராக்குக்குள் கொண்டுவந்த புரோகிரசிவ் ராக் இசையில், முதல் முயற்சியிலேயே முழுமையான கான்செப்ட் ஆல்பம் (ஒரே கதையையோ பொருளையோ சுற்றி அமைவது) தந்தவர்கள் குறைவு. பெரும்பாலான குழுக்கள் இரண்டு மூன்று ஆல்பங்கள் கழித்துத்தான் அந்தத் துணிச்சலுக்கு வந்தன. இவர்களால் எடுத்த எடுப்பிலேயே அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், இதை உருவாக்கியவர்கள் மேடைக் கலைஞர்களாக இல்லாமல் ஒலிப்பதிவுக் கூடத்தில் வளர்ந்தவர்களாக இருந்ததுதான். இந்தக் கேள்வி-பதில் முழுவதும் அதைத்தான் வெவ்வேறு வழிகளில் சொல்லப்போகிறேன்.

ஆலன் பார்சன்ஸ் யார்? பாடகரா, கிடார் கலைஞரா?

முதலில் ஒலிப்பொறியாளர். 1948இல் லண்டனில் பிறந்தவர். பதின்பருவம் முடிவதற்குள் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பீட்டில்ஸ் குழுவின் கடைசிக் காலப் பதிவுகளில் உதவியாளராக இருந்தார். 1969 ஜனவரியில் அவர்கள் மொட்டை மாடியில் நடத்திய புகழ்பெற்ற கச்சேரியின்போதும் அங்கே இருந்தார். பிறகு ஹாலீஸ் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் பாடல்களைப் பதிவு செய்தார். 1973இல் வெளிவந்த பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் த மூன்’ ஆல்பத்தின் ஒலிப்பொறியாளரும் அவரே.

அந்த ஆல்பத்தில் ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் பல கடிகாரங்கள் ஒரே சமயத்தில் மணியடிக்குமே, நினைவிருக்கிறதா? பழைய கடிகாரங்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போய், ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வந்தவர் பார்சன்ஸ். அதை அவர் செய்தது நான்கு ஒலிபெருக்கி முறைக்கான ஒரு மாதிரிப் பதிவுக்காக. அது பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தது பின்னால் நடந்தது. ஒலி எங்கே கிடைக்கும், அதை எப்படிக் கொண்டுவருவது, எந்த இடத்தில் பொருத்துவது என்று யோசிக்கும் மனம் அவருடையது. போவின் கதைகளைத் தொடுவதற்கு இப்படி ஒரு காது வேண்டும்.

எரிக் வுல்ஃப்சன் பெயரை ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தின் கரு அவருடையது. கிளாஸ்கோவைச் சேர்ந்த வுல்ஃப்சன் பாட்டெழுதுபவர், பியானோ வாசிப்பவர். கலைஞர்களுக்கு மேலாளராகவும் இருந்தார். 1974இல் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டால் உலகப் புகழ் பெற்ற கார்ல் டக்ளஸ் அவர் மேற்பார்வையில் இருந்தவர். அதே ஆண்டில் அபே ரோடு உணவகத்தில் பார்சன்ஸைச் சந்தித்தார். பார்சன்ஸ் தன் மேலாளராக இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். போவின் கதைகளை ஒட்டி வுல்ஃப்சன் அதற்கு முன்பே சில பாட்டுகளை எழுதி வைத்திருந்தார். தகுந்த ஆள் கிடைக்காமல் அவை காத்திருந்தன.

திட்டத்துக்கு ‘ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட்’ என்பது வேலை நடக்கும்போது வழங்கிய பெயர். அதுவே நிலைத்துவிட்டது. விளைவாக வுல்ஃப்சன் என்ற பெயர் அட்டையின் முகப்பில் இடம்பெறாமலே போயிற்று. இந்தப் பாட்டுகளை எழுதியவர் இவர்தான் என்று பலர் அறிந்ததே 2009இல் அவர் மறைந்தபோதுதான். எனக்கு இது ஆறாத குறை.

சரி, இது இசைக்குழுவா, இல்லையா?

வழக்கமான பொருளில் இல்லை. நிலையான பாடகர் கிடையாது, நிலையான வரிசையும் கிடையாது. முதன்மைப் பெயருக்கு உரியவர் பெரும்பாலான நேரம் ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

வுல்ஃப்சனின் சிந்தனை சினிமாவிலிருந்து வந்தது. நட்சத்திரங்களுக்காகப் படம் பார்த்த காலம் போய், இயக்குநர் பெயருக்காகப் பார்க்கும் காலம் வந்திருந்தது. ஹிட்ச்காக் படம், கூப்ரிக் படம் என்றுதான் மக்கள் சொன்னார்கள். இசைத்தட்டுக்கும் அப்படி ஓர் இயக்குநர் இருக்கலாமே என்று கேட்டார் அவர். தயாரிப்பாளர்தான் இயக்குநர். பாடகர்கள் கதைக்குத் தக்கபடி தேர்ந்தெடுக்கப்படும் நடிகர்கள்.

இந்த ஒரு முடிவு எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு குழுவில் பாடகர் ஒருவர் இருந்தால் எல்லாப் பாட்டுக்கும் அவர் குரல்தான். கொலைகாரனாகவும் காதலை இழந்தவனாகவும் பைத்தியக்கார விடுதியின் விருந்தினனாகவும் அவரே ஒலித்தாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு கதைக்கும் ஒரு குரல்.

ஏன் போ? வேறு எழுத்தாளர் கிடைக்கவில்லையா?

1809இல் பிறந்து 1849இல் மறைந்த போ, கதை எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றித் தெளிவான கொள்கை வைத்திருந்தவர். ஒரு படைப்பு ஒரே அமர்வில் படித்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், அதன் ஒவ்வொரு சொல்லும் முன்கூட்டியே தீர்மானித்த ஒரே உணர்வை நோக்கி நகர வேண்டும் என்றார். நடுவில் எழுந்து போய்விட்டு வந்தால் உலக விவகாரம் உள்ளே புகுந்து அந்த உணர்வைக் கலைத்துவிடும் என்பது அவர் வாதம்.

இரு பக்கமும் நெடுநேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டின் இயல்பும் இதுவே. சுமார் நாற்பது நிமிடம். நடுவில் ஒரு முறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அவ்வளவுதான் இடையூறு. 1970களில் ஒரு ஆல்பத்தைக் கேட்பது என்றால் உட்கார்ந்து முழுவதும் கேட்பது. போ கதைக்குச் சொன்ன இலக்கணத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய வடிவம் அவர் காலத்தில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. போவின் கதைகளில் ஒலிதான் பயத்தைக் கொண்டுவருகிறது. கதவைத் தட்டும் ஓசை, தரைப்பலகைக்கு அடியில் துடிக்கும் இதயம், சுவருக்குள்ளிருந்து கேட்கும் மணியோசை, கல்லறைக்குள் இரும்புக் கதவு உராயும் சத்தம். கண்ணால் காண்பதைவிடக் காதால் கேட்பதில்தான் அவருடைய பாத்திரங்கள் நிலைகுலைகிறார்கள்.

கான்செப்ட் ஆல்பம் என்றால் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே கதை ஓட வேண்டாமா?

வேண்டியதில்லை. ஒரே கதாநாயகனைப் பின்தொடரும் ஆல்பங்களும் உண்டு, ஒரே பொருளைச் சுற்றி வரும் ஆல்பங்களும் உண்டு. இது இரண்டாவது வகை. கதைகளுக்குள் தொடர்பில்லை, மனநிலைக்குத் தொடர்பு உண்டு. முதல் உருப்படியான ‘எ ட்ரீம் விதின் எ ட்ரீம்’ சொற்களற்ற முன்னுரை. அதன் இறுதியில் எழும் பாஸ் கிடாரின் துடிப்பு நிற்காமல் அடுத்த பாட்டான ‘தி ரேவன்’ உள்ளே போய்விடுகிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று பிரிப்பது கடினம்.

வாசித்தவர்கள் யார்?

பார்சன்ஸ் ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்திருந்த குழுக்களையே அழைத்தார். ஸ்காட்லாந்தின் பைலட் குழு அவற்றில் முதன்மையானது. அவர்களின் ‘ஜனவரி’ பாட்டு 1975இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, தயாரித்தவர் பார்சன்ஸ். அந்தக் குழுவின் கிடார் கலைஞர் இயன் பேர்ன்சன், பாஸ் வாசித்த டேவிட் பேட்டன், டிரம்ஸ் வாசித்த ஸ்டூவர்ட் டாஷ், கீபோர்டு வாசித்த பில்லி லயால் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். அமெரிக்காவின் அம்ப்ரோசியா குழு ‘தி ரேவன்’ பாட்டில் பங்கு பெற்றது. அந்தப் பகுதி லாஸ் ஏஞ்சலஸில் பதிவானது, மற்றவற்றில் பெரும்பாலானவை அபே ரோடில். 1975 நடுவில் தொடங்கிய வேலை 1976 தொடக்கத்தில் முடிந்தது.

ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதி நடத்தியவர் ஆண்ட்ரூ பவல். இவரை மறக்கக் கூடாது. இரண்டு ஆண்டு கழித்து கேட் புஷ் என்ற இளம் பெண்ணின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் இதே பவல்தான். அதில் ‘வுதரிங் ஹைட்ஸ்’ பாட்டின் இறுதியில் அழுது ஓயும் அந்த கிடார், இயன் பேர்ன்சன் வாசித்தது. போவின் கதைகளில் ஒன்றுசேர்ந்த கைகள், அந்தப் பாட்டுக்கு மூலமான எமிலி பிராண்டியின் நாவலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

பாடகர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

நடிகர் தேர்வு மாதிரிதான். மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ‘தி டெல்-டேல் ஹார்ட்’. 1843இல் போ எழுதிய கதை. ஒரு கிழவரைக் கொன்று தரைக்கடியில் புதைத்தவன், தனக்குப் பைத்தியம் இல்லை என்று நம்மிடம் சாதித்துக்கொண்டே இருக்கிறான். சாதிக்கச் சாதிக்கத்தான் அவன் பைத்தியம் என்று நமக்குத் தெரிகிறது. இதைப் பாட ஆர்தர் பிரவுனை அழைத்தார்கள். 1968இல் ‘ஃபயர்’ என்ற பாட்டால் பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர், தலையில் எரியும் கவசத்தோடு மேடையேறியவர். அவர் குரல் அலறலிலிருந்து கிசுகிசுப்புக்கும் கிசுகிசுப்பிலிருந்து அலறலுக்கும் முன்னறிவிப்பின்றித் தாவும்.

பாட்டின் நடுவே எல்லாம் அடங்கி, மென்மையான குரல்களும் வயலின்களும் வருகின்றன. குற்றம் மறைந்துவிட்டது, தடயம் இல்லை என்ற நிம்மதி. அந்த அமைதியை உடைத்துக்கொண்டு பிரவுன் திரும்பி வரும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கதையில் போலீஸ்காரர்களோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பவன் இதயத் துடிப்பைக் கேட்கத் தொடங்கும் இடம் அது. பாட்டின் அமைப்பே கதையின் அமைப்பாக ஆகிவிட்டது.

‘தி காஸ்க் ஆஃப் அமொண்டிலாடோ’வுக்கு நேர் எதிரான தேர்வு. திருவிழா நாளில் நண்பனை அரிய மது இருப்பதாகச் சொல்லி நிலவறைக்கு அழைத்துப் போய், சங்கிலியில் பிணைத்து, செங்கல் செங்கலாகச் சுவர் எழுப்பி உயிரோடு அடைக்கிறான் ஒருவன். இதற்கு எவரும் அலறலைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஜான் மைல்ஸ் பாடியிருப்பதோ நெஞ்சை உருக்கும் மெட்டு. ஹாலீஸ் குழுவின் டெரி சில்வெஸ்டர் அவரோடு சேர்கிறார். கதையில் கொலைகாரன் கடைசி வரை உபசரிப்போடு, இருமும் நண்பனின் உடல்நலம் விசாரித்துக்கொண்டேதான் போகிறான். அந்த இனிமைதான் கொடூரம். இதைப் புரிந்துகொண்டு மெட்டமைத்த வுல்ஃப்சனை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

‘தி ரேவன்’ பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் அந்த இயந்திரக் குரல் என்ன?

அது ஆலன் பார்சன்ஸின் குரலேதான். இ.எம்.ஐ. நிறுவனத்தின் வோகோடர் கருவி வழியாக வருகிறது. ராக் இசையில் வோகோடரைப் பயன்படுத்திய மிக ஆரம்பகாலப் பாட்டுகளில் இது ஒன்று. மின்னணு இசைக்காரர்கள் சிலர் இதற்கு முன்பே கையாண்டிருக்கிறார்கள், ஆகவே ‘முதல்முதலில்’ என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கருவி வேலை செய்யும் விதம் இதுதான். ஒலிவாங்கியில் பேசும் பேச்சைத் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பல பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையிலும் ஒலியின் பலம் எந்த நொடியில் ஏறுகிறது, எந்த நொடியில் இறங்குகிறது என்று அளக்கும். பிறகு மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர் போன்ற ஒரு கருவியின் ஒலியை எடுத்து, அதன் அதே பட்டைகளில் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே போடும். பேசுபவரின் உதடும் நாக்கும் செய்த வேலை சிந்தசைசரின் ஒலிமேல் ஏறிவிடுகிறது. சொற்கள் புரிகின்றன, ஆனால் பேசுவது மனிதத் தொண்டை இல்லை. தொலைபேசித் தொடர்புக்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1930களில் உருவான தொழில்நுட்பம் இது.

1845இல் வெளியான போவின் கவிதையில், காதலியை இழந்து நள்ளிரவில் தனியே இருப்பவன் அறைக்குள் ஓர் அண்டங்காக்கை வந்து உட்காருகிறது. என்ன கேட்டாலும் ‘இனி ஒருபோதும் இல்லை’ என்ற ஒரே பதிலைச் சொல்கிறது. பொருள் தெரியாமல் பேசும் ஒரு வாய், அந்தப் பேச்சில் பொருளைத் தேடி அழியும் ஒரு மனிதன். இப்படிப்பட்ட கவிதைக்கு, உயிரில்லாமல் பேசும் குரலைத் தொடக்கத்தில் வைத்தது பொருத்தத்திலும் பொருத்தம். பிறகு மனிதக் குரல் வருகிறது. பாடுபவர் லெனார்ட் வைட்டிங், 1968இல் வந்த ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ திரைப்படத்தின் ரோமியோ. தொழில்முறைப் பாடகர் இல்லை என்பது தெரிகிறது, அதுவே நல்லது. சிறுவர் சேர்ந்திசையும் உண்டு.

வெற்றி பெற்ற பாட்டு எது?

‘டாக்டர் டார் அண்ட் புரொஃபசர் ஃபெதர்’. ஜான் மைல்ஸும் ஜாக் ஹாரிஸும் பாடியது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் நூறு பாட்டுப் பட்டியலில் 37ஆம் இடம் வரை சென்றது. பிரெஞ்சு நாட்டு மனநோய் விடுதி ஒன்றில் நோயாளிகள் காவலர்களைப் பூட்டிவைத்துவிட்டு, தாங்களே காவலர்களாக நடிக்கும் கதை. கிடாரும் தாளமும் துள்ளும் நேரடியான ராக் பாட்டு. வானொலிக்கு ஏற்றது. மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால் இதில் போவின் நிழல் மெலிவாகத்தான் விழுகிறது என்பது என் கருத்து.

இரண்டாம் பக்கத்தில் ஏன் பாட்டே இல்லை?

இருக்கிறது, கடைசியில். அதற்கு முன்னால் சுமார் பதினைந்து நிமிடம் ‘தி ஃபால் ஆஃப் த ஹவுஸ் ஆஃப் அஷர்’. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம், ஏனென்றால் ஆல்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1839இல் எழுதிய கதை. இலையுதிர்கால நாள் ஒன்றில், மங்கிய வெளிச்சத்தில், ஒருவன் குதிரையேறிப் பழைய நண்பன் ராடரிக் அஷரின் மாளிகைக்கு வருகிறான். ராடரிக் ஒரு விநோத நோயால் வாடுகிறான். அவன் புலன்கள் எல்லாம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டன. அவன் தங்கை மேட்லின் இறந்துவிட்டாள் என்று நிலவறையில் வைக்கிறார்கள். புயல் இரவில் அவள் எழுந்து வருகிறாள். அண்ணனும் தங்கையும் வீழ, மாளிகை பிளந்து முன்னாலிருந்த கருங்குளத்தில் மூழ்குகிறது.

இசையில் இது ஐந்து பகுதிகள்: முகப்பிசை, வருகை, இடையிசை, பவேன், வீழ்ச்சி. முகப்பிசை முழு ஆர்கெஸ்ட்ரா. வருகையில் மழையும் இடியும், அதற்குள்ளிருந்து எழும் ஆர்கனும் மின்னணுத் துடிப்பும். ஆர்கனை வாசித்தவர் கர்வ்டு ஏர் குழுவின் ஃபிரான்சிஸ் மாங்க்மன்.

நான்காவதான பவேன் பகுதியைக் கொஞ்சம் அருகே சென்று கேளுங்கள். பவேன் என்பது ஐரோப்பிய அரசவைகளில் மெதுவாக ஊர்வலம் போல ஆடிய ஒரு பழைய நடனம். இங்கே அதை வாசிப்பவை மேண்டலின், கிடார், ஹங்கேரியச் சிம்பலோம், ஃபின்லாந்தின் காண்டலே. எல்லாமே மீட்டும் அல்லது தட்டும் தந்தி வாத்தியங்கள். ஏன் இத்தனை தந்தி? போவின் கதையில் விடை இருக்கிறது. ராடரிக்கின் கூர்த்த செவிக்கு எந்த ஒலியும் தாங்காது. தந்தி வாத்தியங்களின் குறிப்பிட்ட சில ஒலிகளை மட்டுமே அவனால் அச்சமின்றிக் கேட்க முடியும். அவனே கிடார் வாசிப்பவன். கதையின் முகப்பில் போ எடுத்து வைத்திருக்கும் பிரெஞ்சு மேற்கோளும் இதயத்தைத் தொங்கவிட்ட வீணை போன்ற வாத்தியமாகச் சொல்கிறது, தொட்டவுடன் அது ஒலிக்கும் என்கிறது. சொல் இல்லாமலே கதையின் நுட்பமான ஓர் இடத்தை இசை பிடித்துவிட்டது. திட்டமிட்டுச் செய்ததா, தற்செயலா என்று நான் தேடவில்லை, அந்தத் தந்திகளுக்குள் ராடரிக் இருக்கிறான் என்பது எனக்குப் போதும்.

அதற்குப் பிறகு வீழ்ச்சி. ஒரு நிமிடம்கூட நீடிக்காது. சுருதி அமைப்பெல்லாம் குலைந்து ஆர்கெஸ்ட்ரா நொறுங்குகிறது.

முகப்பிசை டெபுஸியுடையது என்கிறார்களே?

பெரிதும் அவருடையதைத் தழுவியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கிளாட் டெபுஸி இதே கதையை ஓப்பராவாக்க 1908இலிருந்து 1917 வரை போராடினார். முடிக்காமலே 1918இல் இறந்தார். எஞ்சிய பகுதிகளை வேறு ஆட்கள் ஒழுங்குபடுத்தி 1977இல்தான் கேட்பவர்கள் முன் வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஒரு ராக் ஆல்பத்தின் வழியாக அந்த இசையின் சாயல் லட்சக்கணக்கானவர்களின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. டெபுஸியின் பெயரை ஆல்பத்தில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கடைசிப் பாட்டு?

‘டு ஒன் இன் பாரடைஸ்’. டெரி சில்வெஸ்டர் பாடியது. இறந்துபோன காதலியை நினைத்து ஏங்கும் போவின் கவிதையிலிருந்து பிறந்தது. மாளிகை இடிந்த உடனே இந்த மென்மை வருவது சிலருக்கு ஒட்டவில்லை என்று தோன்றும். எனக்கு ஒட்டுகிறது. போ எழுதிய பயங்கரங்களுக்கெல்லாம் அடியில் ஒரு பெண்ணின் மரணம் இருக்கிறது.

அட்டைப்படத்தில் இருக்கும் மம்மி எதற்கு?

பிங்க் ஃபிளாய்டின் அட்டைகளால் பெயர் பெற்ற ஹிப்னோசிஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. மம்மியைச் சுற்றியிருப்பது துணி இல்லை, ஒலிநாடா. உயிரோடு புதைக்கப்படுவது போவின் நிரந்தரப் பயம். நாடா பார்சன்ஸின் தொழில். இரண்டையும் ஒரே படத்தில் வைத்துவிட்டார்கள்.

ஆர்சன் வெல்ஸின் குரல் சில பிரதிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஏன்?

1976இல் வந்த மூல இசைத்தட்டில் அவர் இல்லை. நடிகரும் இயக்குநருமான வெல்ஸ் உரைப்பகுதிகளைப் படித்து நாடாவில் பதிந்து அனுப்பினார். அது வந்து சேர்வதற்குள் இசைத்தட்டு அச்சாகிவிட்டது. அவர் பார்சன்ஸையோ வுல்ஃப்சனையோ நேரில் சந்தித்ததே இல்லை. 1987இல் குறுந்தகடுக்காகப் பார்சன்ஸ் முழு ஆல்பத்தையும் மறுபடி மிக்ஸ் செய்தபோதுதான் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைப் புதிதாகக் கலந்தபோது) அந்தக் குரல் சேர்ந்தது. வெல்ஸ் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1985இல் காலமாகிவிட்டார்.

அவர் படிப்பவை போவின் கதைகள் அல்ல. முதல் பகுதி போ அவ்வப்போது எழுதி வெளியிட்ட ‘மார்ஜினேலியா’ என்ற குறிப்புகளிலிருந்து எடுத்தது. அஷர் இசைக்கு முன்னால் வருவது, கவிதை பற்றி அவர் எழுதிய கடித வடிவக் கட்டுரையை ஒட்டியது.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

முதலில் 1976 பதிப்பு. 1987 மிக்ஸில் டிரம்ஸ் மீது அந்தப் பத்தாண்டின் எதிரொலி தாராளமாக ஏறியிருக்கிறது, கூடுதல் கிடார் பகுதிகளும் இருக்கின்றன. அன்றைய நாகரிகம் அது. மூலப் பதிவில் வாத்தியங்களுக்கு இடையே காற்று இருக்கிறது, அந்த இடைவெளியில்தான் அச்சம் ஊறுகிறது. ஆனால் வெல்ஸின் குரலைக் கேட்காமல் விடுவதும் பெரிய இழப்பு. 2007இல் வந்த இரட்டைத்தட்டுப் பதிப்பில் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. நல்ல ஹெட்போனில், இரவில், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள்.

வெளிவந்தபோது வரவேற்பு எப்படி இருந்தது?

மக்கள் வாங்கினார்கள். பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 38ஆம் இடம், ஒரு புதிய பெயருக்கு அது நல்ல தொடக்கம். விமர்சகர்கள் அனைவரும் மகிழவில்லை. போவின் பயங்கரம் இதில் இறங்கவில்லை என்று ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் விமர்சனம் குறைப்பட்டுக்கொண்டது. மிகவும் மெருகேறிய ஒலி என்பதே பலரின் புகார். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அழுக்கும் கறையும் தேடுபவர்களுக்கு இது ஏற்காது. ஆனால் போவின் உரைநடையும் மெருகேறியதுதான். அவருடைய கொலைகாரர்கள் இலக்கணப் பிழையின்றிப் பேசுகிறவர்கள்.

மேடையில் நடத்தினார்களா?

அந்த ஆண்டுகளில் இல்லை. இத்தனை பாடகர்கள், இத்தனை வாத்தியங்கள், இவ்வளவு ஒலிவேலை எதையும் அன்று மேடைக்குக் கொண்டுபோக வழியில்லை. பார்சன்ஸ் 1990களில்தான் சுற்றுப்பயணங்களைத் தொடங்கினார், அப்போது வுல்ஃப்சன் உடன் இல்லை.

போவைப் படிக்காமல் கேட்டால் புரியுமா?

ரசிக்கலாம். ஆனால் ‘தி காஸ்க் ஆஃப் அமொண்டிலாடோ’ கதையை மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். படித்தவருக்கு அந்த மெட்டு வேறாகக் கேட்கும்.

பிடித்துவிட்டால் அடுத்தது?

1977இல் வந்த ‘ஐ ரோபோ’. அதே கூட்டணி, பொருள் மட்டும் மனிதனும் இயந்திரமும். பிறகு 1980இன் ‘தி டர்ன் ஆஃப் எ ஃபிரெண்ட்லி கார்டு’. அதில் வுல்ஃப்சன் தானே முன்வந்து பாடியிருக்கிறார், ‘டைம்’ என்ற பாட்டில் அந்தக் குரலைக் கேட்டால் முதல் ஆல்பத்தில் அவரை இன்னும் அதிகமாகப் பாடவைத்திருக்கலாமே என்று தோன்றும். போவை அவர் கைவிடவும் இல்லை. 2003இல் போவின் வாழ்க்கையையும் எழுத்தையும் வைத்துத் தன் சொந்தப் பெயரில் இன்னொரு ஆல்பம் வெளியிட்டார். இந்த முறை அட்டையில் எரிக் வுல்ஃப்சன் என்று போட்டிருந்தது.